கருவியா, கலையா? இங்கிலாந்தின் இடைநிலைப் பள்ளிகளில் நாடகக் கல்வி (1911–1992)

ஆய்வுச் சுருக்கம்

இங்கிலாந்தின் இடைநிலைப் பள்ளிகளில் நாடகம் கற்பிக்கப்பட்ட வரலாற்றை 1911ஆம் ஆண்டு தொடங்கி 1992 வரை இக்கட்டுரை ஆராய்கிறது. கால்டுவெல் குக், பீட்டர் ஸ்லேடு, பிரையன் வே, டோரத்தி ஹீத்கோட் ஆகியோரின் பங்களிப்புகளையும், அரசு அமைத்த குழுக்களின் அறிக்கைகளையும், 1988ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தச் சட்டத்தையும் ஒருங்கே வைத்துக் காண்கிறது. வேறொன்றைக் கற்பிக்கும் கருவியாக வரவேற்கப்பட்ட நாடகம், அவ்வரவேற்பின் காரணமாகவே தனக்கெனப் பாடப்பொருள் உடைய கலையாகத் தன்னை நிலைநிறுத்திக் கொள்ளத் தவறியது என்பது இக்கட்டுரையின் கருதுகோள். இவ்வரலாறு தமிழ்ச் சூழலுக்கு உணர்த்துவதும் இறுதியில் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்

நாடகக் கல்வி, இடைநிலைப் பள்ளி, விளையாட்டுவழிக் கற்றல், பாத்திரமேற்றல், கலைத்திட்டம், தேர்வு, கூத்து.

முன்னுரை

தமிழை இயல், இசை, நாடகம் என மூன்றாகப் பகுத்துக் காணும் மரபு நம்முடையது. ஆயினும் நம் பள்ளிகளில் இயலுக்குக் கிடைத்த இடம் ஏனைய இரண்டுக்கும் கிடைக்கவில்லை. நாடகம் பெரும்பாலும் ஆண்டுவிழா மேடையோடு நின்றுவிடுகிறது. அல்லது செய்யுளையும் உரைநடையையும் எளிதாக்கிக் கற்பிக்கும் உத்தியாக வகுப்பறைக்குள் வருகிறது. இவ்விரண்டுக்கும் அப்பால் அதற்கு ஓர் இடம் உண்டா என்ற வினா நாடகத்தில் ஈடுபாடுள்ள ஆசிரியர் ஒவ்வொருவரிடமும் எழுவது இயல்பு.

இவ்வினாவை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் விடாது எழுப்பி, எழுதியும் வாதிட்டும் வந்த நாடு இங்கிலாந்து. நாடகத்தைப் பள்ளிக்குள் கொண்டுவருவதற்கான கோட்பாடுகளுள் பல அங்கே உருவாயின. வேறு நாடுகளுக்கும் பரவின. ஆயினும் 1988இல் அந்நாட்டு அரசு முதன்முறையாகத் தேசியக் கலைத்திட்டம் ஒன்றை வகுத்தபோது, அதில் இடம்பெற்ற பத்துப் பாடங்களுள் நாடகம் இல்லை. இசையும் ஓவியமும் உள்ளே வந்தன. நாடகம் வெளியே நின்றது. இத்துணை ஆற்றலுடன் வளர்ந்த ஓர் இயக்கம் இம்முடிவை எவ்வாறு அடைந்தது? இதுவே இக்கட்டுரை விடை காண முயலும் வினா.

இலத்தீன் நாடக மரபு

இங்கிலாந்தின் பள்ளிகளுக்கு நாடகம் புதிதன்று. 16ஆம் நூற்றாண்டில் இலத்தீன் மொழிப் பயிற்சியின் ஒரு பகுதியாகப் பிளாட்டஸ், டெரன்ஸ் ஆகியோரின் நாடகங்களை மாணவர் நடித்தனர். ஈட்டன் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்த நிக்கோலஸ் யூடால் எழுதிய ‘ரால்ஃப் ராய்ஸ்டர் டாய்ஸ்டர்’, ஆங்கிலத்தின் முதல் இன்பியல் நாடகங்களுள் ஒன்றாகக் கொள்ளப்படுகிறது. மெர்ச்சன்ட் டெய்லர்ஸ் பள்ளியின் தலைமையாசிரியர் ரிச்சர்டு மல்காஸ்டர் தம் மாணவரை முதலாம் எலிசபெத் அரசியின் முன்னிலையில் நடிக்க வைத்தார். வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியில் ஆண்டுதோறும் இலத்தீன் நாடகம் நடிப்பது நெடுங்கால வழக்கமாயிற்று.

இம்மரபில் நாடகத்தின் பயன் தெளிவாக வரையறுக்கப்பட்டிருந்தது. தெளிவான உச்சரிப்பு, நினைவாற்றல், அவையஞ்சாமை, இலத்தீனில் சரளம் ஆகியவையே நோக்கங்கள். உயர்குடி இளைஞர் பின்னாளில் மன்றங்களிலும் திருச்சபையிலும் பேசுவதற்கான பயிற்சியாக நாடகம் கருதப்பட்டது. நாடகம் பிறிதொன்றுக்குத் துணைசெய்யும் கருவி என்னும் எண்ணத்தின் தொடக்கத்தை இங்கேயே காணலாம். 1642இல் பொது அரங்குகள் மூடப்பட்ட காலத்துக்குப் பின் பள்ளி நாடகமும் பெருமளவு நலிந்தது. 19ஆம் நூற்றாண்டில் பொதுக்கல்வி விரிவடைந்தபோது, எழுத்தும் வாசிப்பும் கணக்கும் கற்பித்த தொடக்கப் பள்ளிகளில் நாடகத்துக்கு இடமேதும் இல்லை.

கால்டுவெல் குக்கும் விளையாட்டுவழியும்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருவருடைய முயற்சிகள் இந்நிலையை மாற்றின. சசெக்ஸ் பகுதியின் சாம்ப்டிங் சிற்றூர்ப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்த ஹேரியட் ஃபின்லே ஜான்சன், வரலாறு, இலக்கியம், புவியியல் எனப் பல பாடங்களையும் நாடகமாக்கிக் கற்பித்தார். அவ்வனுபவத்தை விளக்கும் அவரது நூல் 1911இல் வெளிவந்தது. அவர் பணியாற்றியது தொடக்கப் பள்ளியில். இடைநிலை மாணவரிடையே அதே சிந்தனையை வளர்த்தவர் கேம்பிரிட்ஜ் நகரின் பெர்ஸ் பள்ளியில் ஆங்கில ஆசிரியராக இருந்த கால்டுவெல் குக்.

பெர்ஸ் பள்ளியின் தலைமையாசிரியர் டபிள்யூ. ஹெச். டி. ரவுஸ், இலத்தீனையும் கிரேக்கத்தையும் பேச்சுமொழி போலவே நேரடியாகக் கற்பிக்கும் முறையை வலியுறுத்தியவர். அத்தகைய பள்ளியில் குக் தம் சோதனைகளை மேற்கொள்ள வாய்ப்பிருந்தது. ஷேக்ஸ்பியரின் நாடகங்களை மாணவர் இருக்கையில் அமர்ந்து வாசித்து உரை எழுதுவதற்கு மாறாக, எழுந்து நின்று நடித்தே அறிய வேண்டும் என்றார் குக். மேடையும் விளக்கும் உடையும் கொண்ட தனி அறை ஒன்று இதற்கென அமைந்தது. மாணவர் தாமே நாடகங்களும் கதைப்பாடல்களும் இயற்றினர். அவை தொகுப்புகளாக அச்சேறின. வகுப்பை நடத்தும் பொறுப்பையும் குக் மாணவரிடமே ஒப்படைத்தார். 1917இல் வெளிவந்த ‘விளையாட்டுவழி’ என்னும் நூலில் இவற்றை விரித்துரைத்தார்.

குக்கின் சிந்தனையில் இரண்டு கூறுகள் பிணைந்திருந்தன. ஒன்று, சிறுவர் இயல்பாகக் கற்பது செயலின் வழியும் விளையாட்டின் வழியுமே என்பது. மற்றொன்று, நாடகம் ஒரு கலை என்பதும், அக்கலையின் மரபும் நுட்பமும் கற்கத் தக்கவை என்பதும். எலிசபெத் காலத்து மேடையமைப்பையும் செய்யுளின் ஓசையையும் அவருடைய மாணவர் உடலாலும் குரலாலும் உணர்ந்தனர். பின்வந்தோர் இவ்விரு கூறுகளுள் முதலாவதை எடுத்துக்கொண்டு, இரண்டாவதைப் படிப்படியாகக் கைவிட்டனர் என்பது இவ்வரலாற்றில் கவனிக்க வேண்டிய முதல் திருப்பம்.

ஆங்கிலக் கல்வி குறித்து 1921இல் வெளியான நியூபோல்ட் குழுவின் அறிக்கை நாடகத்தைப் பரிவோடு நோக்கியது. ஆயினும் ஆங்கில மொழி, இலக்கியக் கல்வியின் ஒரு பகுதியாகவே அதனைக் கண்டது. இப்பார்வை பின்னாளிலும் மாறவில்லை. 1975ஆம் ஆண்டு புல்லக் குழுவின் அறிக்கையும், 1989ஆம் ஆண்டு காக்ஸ் குழுவின் அறிக்கையும் நாடகத்தை ஆங்கிலப் பாடத்துக்குள்ளேயே வைத்துப் பேசின. மூன்று அறிக்கைகளுக்கும் இடையே எழுபதாண்டுக் கால இடைவெளி இருப்பினும், நாடகத்தின் இருப்பிடம் பற்றிய முடிவு ஒன்றாகவே இருந்தது.

1944ஆம் ஆண்டுச் சட்டமும் புதிய மாணவரும்

1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இடைநிலைக் கல்வியை அனைவருக்கும் உரியதாக்கியது. 1947இல் பள்ளியை விட்டு நீங்கும் வயது 15 ஆக உயர்த்தப்பட்டது. பதினோராம் வயதில் நடத்தப்பட்ட தேர்வின் அடிப்படையில் மாணவர் பிரிக்கப்பட்டனர். சிறுபான்மையோர் இலக்கணப் பள்ளிகளுக்குச் சென்றனர். பெரும்பான்மையோர் தற்கால இடைநிலைப் பள்ளிகள் எனப்பட்ட புதியவகைப் பள்ளிகளுக்குச் சென்றனர். உழைக்கும் வகுப்பைச் சேர்ந்த சிறுவரே இப்பள்ளிகளில் மிகுதி. இலத்தீனும் உயர்தேர்வும் நோக்கமாக இல்லாத இவர்களுக்கு என்ன கற்பிப்பது என்ற வினா எழுந்தது. அதற்குக் கிடைத்த விடைகளுள் நாடகமும் ஒன்று.

1947 முதல் பர்மிங்காம் நகரின் நாடக ஆலோசகராகப் பணியாற்றிய பீட்டர் ஸ்லேடு, 1954இல் ‘சிறுவர் நாடகம்’ என்னும் நூலை வெளியிட்டார். சிறுவரின் விளையாட்டிலேயே நாடகம் இயல்பாக உள்ளது. அது பெரியோரின் அரங்கக் கலையைப் பின்பற்றிய அரைகுறை வடிவம் அன்று, தனக்கென அழகும் ஒழுங்கும் கொண்ட தனிக்கலை என்பது அவர் வாதம். சிறுவர் தம் விருப்பப்படி விளையாடும்போது வட்டமாகவும் சுழலாகவும் இடத்தைப் பயன்படுத்துவதை அவர் நுணுகி நோக்கினார். முன்திரை கொண்ட மேடையில் இளஞ்சிறுவரை ஏற்றிப் பார்வையாளர் முன் நிறுத்துவது இவ்வியல்பைக் குலைக்கும் என எச்சரித்தார். வளரிளம் பருவத்தில்தான் மேடைக் கலையை நோக்கி மெல்ல நகரலாம் என்றார்.

அவருடைய வழியில் வந்த பிரையன் வே இன்னும் ஒரு படி மேலே சென்றார். 1967இல் வெளிவந்த ‘நாடகத்தின் வழி வளர்ச்சி’ என்னும் நூலில் அரங்கையும் நாடகத்தையும் அவர் வேறுபடுத்தினார். அரங்கு என்பது நடிகருக்கும் பார்வையாளருக்கும் இடையிலான தொடர்பு; நாடகம் என்பது பங்கேற்போர் பெறும் அனுபவம், அதற்குப் பார்வையாளர் வேண்டியதில்லை என்றார். கண்பார்வையற்றவர் என்றால் யார் என்ற வினாவுக்குச் சொல்லால் விளக்கம் தரலாம். கண்களை மூடிக்கொண்டு அறையிலிருந்து வெளியேறும் வழியைத் தேடச் செய்தும் உணர்த்தலாம். இரண்டாவது வழியில் கிடைக்கும் அறிவே நாடகம் தரும் அறிவு என்பது வேயின் விளக்கம். மன ஒருமை, புலனுணர்வு, கற்பனை, உடல், பேச்சு, உணர்ச்சி, அறிவு ஆகியவற்றை வளர்க்கும் பயிற்சிகளை அவர் வகுத்தளித்தார்.

வேயின் நூல் ஆசிரியரிடையே பெரும் செல்வாக்குப் பெற்றது. அதன் எளிமை அதற்கு ஒரு காரணம். நாடகப் பயிற்சி இல்லாத ஆசிரியரும் ஒரு கூடமும் சிறிது இசையும் இருந்தால் வகுப்பை நடத்த முடிந்தது. ஒப்பனையும் மனனமும் மேடையச்சமும் இன்றி எல்லா மாணவரும் ஒரே நேரத்தில் பங்கேற்க முடிந்தது. ஆண்டுவிழாவில் திறமையுடைய சிலர் மட்டுமே நடித்த பழைய நிலையோடு ஒப்பிடுகையில் இது பெரிய மாற்றம். எனினும், இப்பயிற்சிகளை முடித்த ஒரு மாணவர் நாடகத்தைப் பற்றி என்ன கற்றார் என்று கேட்டால், தெளிவான விடை கூறுவது கடினம். மாணவர் வளர்ந்தார் என்பதே விடை. வளர்ச்சி எப்பாடத்துக்கும் பொது. அது எந்தப் பாடத்துக்கும் தனியுரிமை ஆகாது.

டோரத்தி ஹீத்கோட்: பாத்திரமேற்கும் ஆசிரியர்

இந்த இடைவெளியைக் கண்டுணர்ந்தவர் டோரத்தி ஹீத்கோட். யார்க்ஷயர் பகுதியில் பிறந்து, 14ஆம் வயதில் கம்பளி ஆலையில் நெசவுப் பணிக்குச் சென்றவர். பின்னர் பிராட்ஃபோர்டில் நாடகப் பயிற்சி பெற்றார். 1950இல் டர்ஹம் பல்கலைக்கழகத்தின் கல்வியியல் நிறுவனத்தில் ஆசிரியர் பயிற்சிப் பொறுப்பை ஏற்று, நியூகாசிலில் 1986 வரை பணியாற்றினார்.

ஹீத்கோட்டின் வகுப்பில் தனித்தனிப் பயிற்சிகளுக்கு இடம் குறைவு. மாணவர் ஒரு சூழலைத் தேர்ந்தெடுப்பர். ஆசிரியரும் அதற்குள் ஒரு பாத்திரமாக நுழைவார். பி.பி.சி. தொலைக்காட்சி 1971இல் ஒளிபரப்பிய ‘காத்திருக்கும் மூன்று தறிகள்’ என்னும் ஆவணப்படத்தில் இம்முறையைக் காணலாம். சிறுவர் போர்க்கைதிகளாக நடிக்க விரும்புகின்றனர். ஹீத்கோட் பகைநாட்டு அதிகாரியாக மாறி அவர்கள் முன் நிற்கிறார். ஆசிரியருக்கு அஞ்சியோ பணிந்தோ பழகியவர்கள், இப்போது பாத்திரத்தின் நிலையிலிருந்து முடிவெடுக்க வேண்டியவர்களாகின்றனர். நண்பரைக் காட்டிக்கொடுப்பதன் பொருள் என்ன என்பதை அவர்கள் தம் வாயாலேயே சொல்லிக் கண்டடைகின்றனர். உரிய தருணத்தில் நாடகம் நிறுத்தப்படுகிறது. நிகழ்ந்ததைப் பற்றி உரையாடல் தொடங்குகிறது.

ஆசிரியர் பாத்திரமேற்றல் என்னும் இவ்வுத்தியும், மாணவர் ஒரு துறையின் வல்லுநராகப் பொறுப்பேற்றுப் பணியாற்றும் முறையும் நாடகக் கல்விக்கு ஹீத்கோட் அளித்த கொடைகள். அவருடன் ஒத்த காலத்தில் பணியாற்றிய கெவின் போல்டன் இவற்றுக்குக் கோட்பாட்டு வடிவம் தந்தார். அவருடைய நூல் 1979இல் வெளிவந்தது. நாடகத்தின் உள்ளடக்கம் இங்கே மீண்டும் முதன்மை பெற்றது. போர், அதிகாரம், துரோகம், பொறுப்பு ஆகியவை வகுப்பறையின் பொருளாயின. ஸ்லேடிடமும் வேயிடமும் காணாத அறிவார்ந்த இறுக்கம் இங்கே உண்டு என்பதை மறுக்க இயலாது.

ஆயினும் இரண்டு இடர்கள் எஞ்சின. முதலாவது, இம்முறை மிக உயர்ந்த திறனுடைய ஆசிரியரை வேண்டி நிற்பது. நாற்பது நிமிடப் பாடவேளையில் முப்பது பதின்வயதினரை எதிர்கொள்ளும் எளிய ஆசிரியர் ஹீத்கோட்டைக் கண்டு வியக்கலாம். அவரைப் போலச் செய்வது அரிது. இரண்டாவது, இங்கும் நாடகம் பிற பொருள்களை அறியும் வழியாகவே விளங்கியது. மாணவர் போரைப் பற்றியும் மனித நடத்தையைப் பற்றியும் ஆழ்ந்து கற்றனர். நாடக இலக்கியம், அரங்க வரலாறு, நடிப்புக் கலை ஆகியவற்றைக் கற்பது இம்முறையின் நோக்கமாக அமையவில்லை.

தேர்வு என்னும் வாயில்

கோட்பாட்டாளர் ஒருபுறம் எழுதிக்கொண்டிருக்க, பள்ளிகளில் மற்றொரு மாற்றம் நிகழ்ந்தது. 13 முதல் 16 வயது வரையுள்ள, சராசரியும் அதற்குக் குறைந்ததுமான கல்வித்திறன் உடையோராகக் கருதப்பட்ட மாணவரின் கல்வியை ஆராய்ந்த நியூசம் குழு 1963இல் தன் அறிக்கையை அளித்தது. அம்மாணவர் தம்மையும் தம் உணர்வுகளையும் அறிந்துகொள்ள நாடகம் துணைசெய்யும் என அவ்வறிக்கை கருதியது. 1965இல் இலக்கணப் பள்ளிக்கு வெளியே இருந்த மாணவருக்கெனப் புதிய சான்றிதழ்த் தேர்வு நடைமுறைக்கு வந்தது. பள்ளி ஆசிரியர் தாமே பாடத்திட்டம் வகுத்து, தாமே மதிப்பிட்டு, வெளியார் சரிபார்க்கும் வழி ஒன்றும் அதில் இருந்தது. பல பள்ளிகளில் நாடகம் இவ்வழியே தேர்வுப் பாடமாயிற்று. 1972இல் பள்ளி நீங்கும் வயது 16 ஆனபோது, விருப்பமின்றித் தங்கிய மாணவரை ஈர்க்கும் பாடமாகவும் அது கருதப்பட்டது. கோவென்ட்ரி நகரின் பெல்கிரேடு அரங்கு 1965இல் தொடங்கிய கல்வி அரங்கக் குழு, நடிகர்களைப் பள்ளிக்குள் அனுப்பும் புதிய வழக்கத்தையும் உருவாக்கியது.

இங்கே ஒரு முரண் வெளிப்படுகிறது. வளர்ச்சியை அளக்க முடியாது என்று கோட்பாட்டாளர் கூறினர். தேர்வு இல்லாத பாடத்துக்குக் கால அட்டவணையில் இடமில்லை என்பதைப் பள்ளி ஆசிரியர் அறிந்திருந்தனர். எனவே அவர்கள் நிகழ்த்துதல், எழுத்து, செயல்முறைக் குறிப்பேடு ஆகியவற்றைக் கொண்டு மதிப்பீட்டு முறைகளை வகுத்தனர். மேடையும் பார்வையாளரும் நாடகப் பிரதியும் கோட்பாட்டு நூல்களிலிருந்து வெளியேறிய பின், தேர்வின் வழியாக வகுப்பறைக்குள் மீண்டும் நுழைந்தன. 10 முதல் 16 வயதினருக்கான நாடகக் கற்பித்தலை ஆராய்ந்த பள்ளிக் கழகத் திட்டத்தின் நூல் 1977இல் வெளிவந்தது. அதன் ஆசிரியர்களுள் ஒருவர் பின்னாளில் கல்விச் சிந்தனையாளராக உலகப் புகழ் பெற்ற கென் ராபின்சன். அனுபவமா, நிகழ்த்துதலா என்ற பிளவை இணைக்க முயன்றது என்பதே அந்நூலின் சிறப்பு. ஆனால் அம்முயற்சி இயக்கத்தின் பொதுக்குரலாக உருப்பெறுவதற்குள் காலம் மாறிவிட்டது.

1988: பட்டியலில் இல்லாத பாடம்

கல்வி அமைச்சர் கென்னத் பேக்கரின் முயற்சியால் நிறைவேறிய 1988ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தச் சட்டம் தேசியக் கலைத்திட்டத்தை உருவாக்கியது. இடைநிலைப் பள்ளிக்கு ஆங்கிலம், கணிதம், அறிவியல், வரலாறு, புவியியல், தொழில்நுட்பம், இசை, ஓவியம், உடற்கல்வி, அயல்மொழி எனப் பத்துப் பாடங்கள் வரையறுக்கப்பட்டன. நாடகம் ஆங்கிலப் பாடத்தின் பேசுதல், கேட்டல் ஆகிய பகுதிகளுக்குள் அடக்கப்பட்டது. அதே 1988இல் புதிய பொதுச் சான்றிதழ்த் தேர்வு முதன்முறையாக நடைபெற்றது. அதில் நாடகம் விருப்பப் பாடமாக இருந்தது என்பது இவ்வரலாற்றின் விந்தை. 16 வயதில் தேர்வு எழுதக்கூடிய பாடம் அது. ஆனால் 11 வயதில் தொடங்கிக் கற்பிக்க வேண்டிய கட்டாயம் எந்தப் பள்ளிக்கும் இல்லை.

அரசின் கருத்தியல் சார்பே இதற்குக் காரணம் என்று நாடக ஆசிரியர் பலர் கருதினர். அதில் உண்மை உண்டு. ஆயினும் அது முழு விளக்கம் ஆகாது. அதே அரசு இசையையும் ஓவியத்தையும் ஏற்றுக்கொண்டது. அவ்விரு பாடங்களுக்கும் கற்கத்தக்க பொருள் இன்னது, நுட்பம் இன்னது, மரபு இன்னது என்று சொல்லத்தக்க வரையறை இருந்தது. நாடகமோ எல்லாப் பாடங்களுக்கும் உதவும் முறை என்று தன்னைத் தானே நீண்டகாலம் அறிமுகம் செய்துவந்தது. முறைக்குப் பாடவேளை ஒதுக்க வேண்டியதில்லை என்று சட்டம் இயற்றியோர் முடிவுசெய்வதற்கு அவ்வறிமுகமே போதுமானதாயிற்று.

டேவிட் ஹார்ன்புரூக் 1989இல் வெளியிட்ட ‘கல்வியும் நாடகக் கலையும்’ என்னும் நூல் இக்குறையை வெளிப்படையாகப் பேசியது. ஸ்லேடு முதல் ஹீத்கோட் வரையிலான மரபு, நாடகத்தை அதன் பண்பாட்டிலிருந்தும் அரங்க வரலாற்றிலிருந்தும் பிரித்து உளவியலின் பகுதியாக்கிவிட்டது என அவர் குற்றஞ்சாட்டினார். நாடகத்தைப் படைத்தல், நிகழ்த்துதல், திறனாய்தல் எனக் கற்கத்தக்க கலையாக மீட்டெடுக்க வேண்டும் என்றார். ஹீத்கோட்டின் வழிவந்தோர் இதனைக் கடுமையாக மறுத்தனர். அனுபவத்தின் ஆழத்தை இழந்த நாடகக் கல்வி வெறும் மேடைத் தொழிற்பயிற்சியாகிவிடும் என்பது அவர்கள் அச்சம். 1992இல் கலைக் கழகம் வெளியிட்ட ‘பள்ளிகளில் நாடகம்’ என்னும் வழிகாட்டி, படைத்தல், நிகழ்த்துதல், எதிர்வினையாற்றுதல் என்னும் மூன்று கூறுகளை அடிப்படையாகக் கொண்டது. கால்டுவெல் குக்கிடம் ஒன்றாயிருந்த இரு கூறுகளும் எழுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் ஓர் ஆவணத்தில் மீண்டும் இணைந்தன எனலாம். அதற்குள் அரசின் பாடப்பட்டியல் முடிவாகிவிட்டது. 2010இல் பள்ளிகளின் தரத்தை அளக்கக் கொண்டுவரப்பட்ட பாடத்தொகுதியிலும் கலைப்பாடங்களுக்கு இடம் கிட்டவில்லை.

தமிழ்ச் சூழல்: ஓர் ஒப்புநோக்கு

குக்கின் நூல் வெளியான மறு ஆண்டில், 1918இல், சங்கரதாசு சுவாமிகள் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தோற்றுவித்தார். டி. கே. எஸ். சகோதரர்கள் போன்றோர் சிறுவயதிலேயே அங்கே பயிற்சி பெற்றனர். பாட்டும் உரையாடலும் மனனமாகி, மொழியும் இசையும் நாடகத்தின் வழியே அச்சிறுவர்க்கு வாய்த்தன. கேம்பிரிட்ஜில் பள்ளிக்குள் நாடகம் நுழைந்த அதே காலத்தில், மதுரையில் நாடகமே பள்ளியாக இருந்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை, ஆனால் நாடகத்தில் கற்பதற்கெனப் பெரும்பொருள் உண்டு என்பதை மதுரைச் சான்று ஐயமற உணர்த்துகிறது. அச்சிறுவர்களுக்கு முறையான பள்ளிக்கல்வி வாய்க்கவில்லை என்பதையும் மறத்தலாகாது. நம் நாடகக் கல்வியும் நம் பள்ளிக்கல்வியும் ஒன்றையொன்று சந்திக்காமலே வளர்ந்தன.

அவை சந்தித்த இடமாக இலங்கையைக் கூறலாம். 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்து மரபை மாணவரைக் கொண்டு செம்மைப்படுத்தி மேடையேற்றினார். ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ ஆகியவை அவ்வாறு உருவானவை. யாழ்ப்பாணத்தில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய குழந்தை ம. சண்முகலிங்கம் 1978இல் நாடக அரங்கக் கல்லூரியை நிறுவி, பள்ளி மாணவர்க்கும் சிறுவர்க்கும் உரிய அரங்கை வளர்த்தார். ‘கூடி விளையாடு பாப்பா’ போன்ற அவருடைய சிறுவர் நாடகங்களில் விளையாட்டும் கலையும் பிரிந்து நிற்கவில்லை. இன்று இலங்கையில் நாடகமும் அரங்கியலும் ஆறாம் தரத்திலிருந்து அழகியற் பாடங்களுள் ஒன்று. கல்விப் பொதுத் தராதரச் சாதாரண தர, உயர்தரத் தேர்வுகளிலும் அது பாடமாக உள்ளது. வடமோடி, தென்மோடி, தாளக்கட்டு, அண்ணாவியார் மரபு எனப் பெயரிட்டுக் கற்கத்தக்க பொருள் அதற்கு உண்டு. இங்கிலாந்தின் இயக்கம் 1988இல் காட்ட இயலாதிருந்த பாடப்பொருளைக் கூத்து மரபு இங்கே அளித்தது.

தமிழ்நாட்டின் நிலை வேறு. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் ஐந்து பாடங்களில் நாடகம் தனியிடம் பெறவில்லை. தமிழ்ப் பாடநூலின் ஒரு பகுதியாகவே அது மாணவரை அடைகிறது. நாடகத்தைக் கற்பித்தல் உத்தியாகப் பரிந்துரைக்கும் கட்டுரைகள் இன்று மிகுதி. அப்பரிந்துரை நல்லதே. ஆனால் அதனோடு நின்றுவிட்டால், இங்கிலாந்து கடந்துவந்த பாதையின் முதற்பகுதியையே நாமும் மீண்டும் நடப்போம். நேர்மாறாக, தெருக்கூத்தின் அடவுகளையும் நாடக ஆசிரியர் பெயர்களையும் குறிப்புகளாக மனனம் செய்து எழுதும் பாடமாக நாடகம் மாறுமாயின், உடலும் குரலும் கற்க வேண்டியதை எழுதுகோல் மட்டுமே கற்கும்.

முடிவுரை

இங்கிலாந்தின் நாடகக் கல்வி வரலாற்றில் மூன்று படிநிலைகளைக் காண முடிகிறது. முதலாவதில் நாடகம் மொழிக்குத் துணையாயிற்று. இரண்டாவதில் ஆளுமை வளர்ச்சிக்குத் துணையாயிற்று. மூன்றாவதில் பிற பொருள்களை அறியும் வழியாயிற்று. ஒவ்வொன்றும் மாணவர்க்கு உண்மையான பயனைத் தந்தது. ஹீத்கோட்டின் வகுப்பில் முதன்முறையாகத் தம் முடிவுக்குத் தாமே பொறுப்பேற்ற சிறுவர் பெற்றதை எந்தத் தேர்வும் அளக்காது. எனினும் நாடகம் எதற்கெல்லாம் பயன்படும் என்று கூறியோர், நாடகம் எதைக் கற்பிக்கும் என்பதைக் கூறத் தாமதித்தனர். அத்தாமதத்தின் விலையைக் கொடுத்தோர் கோட்பாட்டாளர் அல்லர். நாடகம் கட்டாயமற்றதாகிவிட்ட பள்ளிகளில் படித்த எளிய மாணவர்களே. வசதியுடைய தனியார் பள்ளிகளில் அரங்கும் ஆசிரியரும் எப்போதும் இருந்தனர்.

எனவே கருவியா, கலையா என்ற வினாவை இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாவாகக் கொள்ளுதல் பொருந்தாது. கலையாகக் கற்றவரிடமே அது சிறந்த கருவியாகவும் விளங்கும் என்பதைக் குக்கின் வகுப்பறையும் சண்முகலிங்கத்தின் சிறுவர் அரங்கும் தனித்தனியே மெய்ப்பித்துள்ளன. தமிழ்நாட்டு இடைநிலைப் பள்ளிகளுக்கு நாடகப் பாடத்திட்டம் வகுக்க முற்படுவோர் இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பயில்வது பயன்தரும். குறிப்பாக, ஒவ்வொரு வட்டாரத்தின் கூத்து மரபையும் அப்பகுதிப் பள்ளியின் நாடகப் பாடத்தோடு இணைக்கும் வழிகள் விரிவான ஆய்வுக்கு உரியவை.